வட சிலாங்கூரில் டாக்டர்கள் கற்கும் இடமும் கற்காத இடமும்

சுங்கை சோவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் வண்டியைத் திருப்ப மூன்று திசை உண்டு. பழைய டிரங்க் ரோட்டில் வடக்கே போனால் கோலகுபு பாரு மருத்துவமனை. தெற்கே ராவாங்கைத் தாண்டினால் செலாயாங். அங்கிருந்து மேற்கே ஒடித்தால் சுங்கை பூலோ. மூன்றில் கண்ணுக்கு அழகானது கோலகுபு பாருதான். தித்திவாங்சா மலைத்தொடரின் அடிவாரம், பிரேசர் மலைக்கு ஏறும் வளைவுச் சாலை, வெள்ளத்துக்குப் பயந்து 1920களில் இடம்மாறியபோது சார்ல்ஸ் ரீட் பூங்கா நகரமாக வரைந்து கொடுத்த தெருக்கள். சிலாங்கூர் மருத்துவமனைகளில் பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டர்களில் பலர் அந்த ஊருக்கு விடுமுறையில் போயிருப்பார்கள். தொழில் கற்றுக்கொள்ளப் போனவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மேற்கே கடலோரமும் இதே கதைதான். கோல சிலாங்கூரில் ஆற்றங்கரை பெரெம்பாங் மரங்களில் மின்மினி, புக்கிட் மெலாவத்தியில் குரங்குக் கூட்டம், சிகிஞ்சானில் பச்சை வயல். அந்தப் பக்கத்து மக்களுக்குத் தஞ்சோங் காராங் மருத்துவமனை, இன்னும் வடக்கே சபாக் பெர்ணம் மருத்துவமனை. கோலகுபு பாருவையும் சேர்த்து இம்மூன்றும் நிரந்தர நிபுணர் இல்லாத சிறு மாவட்ட மருத்துவமனைகள் என்ற வகையில் பல்லாண்டுகளாக இயங்கி வந்தவை. பட்டம் வாங்கிய கையோடு செய்யும் ஹவுஸ்மேன் பயிற்சிக்கு நிபுணர் வேண்டும் என்பது விதி. நிபுணர் இல்லாத இடத்துக்குப் பயிற்சி டாக்டர் வருவதில்லை. பயிற்சிக் காலத்தில் பார்த்திராத ஊருக்குப் பின்னாளில் நிபுணராகிப் போக யாருக்கும் மனம் வருவதில்லை. இந்தச் சுற்று தானாக உடையாது. ஆனால் ஊருக்கு ஒதுக்குப்புறமான ஒரு பள்ளத்தாக்கு உலகத்துக்கே பாடம் நடத்திய வரலாறு இதே வட்டாரத்தில் உண்டு. அதற்கு வருமுன் இன்றைய பயிற்சி எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

மலேசியாவில் மருத்துவப் பட்டம் வாங்கியவர் 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டப்படி தற்காலிகப் பதிவோடுதான் வார்டுக்குள் நுழைகிறார். முன்பு இந்தப் பயிற்சி ஓராண்டு. நான்கு மாதம் வீதம் மூன்று பிரிவு. 2008 முதல் இரண்டாண்டு, ஆறு பிரிவு. பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை, எலும்பு, அவசரப் பிரிவு என்று சுற்ற வேண்டும். புதிய பிரிவுக்குப் போனதும் முதல் இரண்டு வாரம் ‘டேகிங்’. விடியுமுன் வார்டுக்கு வந்து, இரத்தம் எடுத்து, முடிவுகளைத் தேடிப் பிடித்து, நிபுணரின் ரவுண்டில் கேஸை ஒப்பித்து, இரவு பத்து மணிவரை மூத்த ஹவுஸ்மேன் பின்னால் நடக்க வேண்டும். லாக்புக்கில் கையெழுத்து குறைந்தால் எக்ஸ்டென்ஷன், அதாவது பயிற்சி நீளும். 2011 செப்டம்பரில் ஷிப்ட் முறை வந்து முப்பது மணி நேரம் தூங்காமல் நிற்கும் கொடுமை குறைந்தது. அதனால் ஒரு நோயாளியைச் சேர்த்த நாள் முதல் வீட்டுக்கு அனுப்பும் நாள்வரை ஒரே டாக்டர் தொடர்ந்து பார்ப்பதும் குறைந்தது என்று மூத்தவர்கள் குறைப்படுவது உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. தூக்கமில்லாத கையால் ஊசி போட்டுக்கொள்ள நான் தயாரில்லை என்பதால் ஷிப்ட் முறைக்கே என் ஓட்டு.

பயிற்சி இரட்டிப்பான காலத்தில்தான் மருத்துவக் கல்லூரிகளும் பெருகின. உள்நாட்டுத் தனியார் கல்லூரிகள் போதாதென்று இந்தியா, இந்தோனேசியா, ரஷ்யா, உக்ரைன் என்று பல திசைகளிலிருந்தும் பட்டதாரிகள் திரும்பினர். 2011 மே மாதம் புதிய மருத்துவப் படிப்புகளுக்கு அரசாங்கம் தடை போட்டது. அதற்குள் வெள்ளம் அணையைத் தாண்டிவிட்டது. 2013இல் மட்டும் ஏறக்குறைய 5,000 பேர் ஹவுஸ்மேனாகச் சேர்ந்தனர். அந்தக் காலத்தில் பெரிய மருத்துவமனைகளின் வார்டில் ஒரு கட்டிலைச் சுற்றி நோயாளியின் சொந்தக்காரர்களை விட வெள்ளைக் கோட்டுகள் அதிகம் என்று கேலி பேசினார்கள். ஒரு பிரசவம் பார்க்க, ஒரு நெஞ்சுக் குழாய் போட, கையெழுத்துக்காக வரிசை நிற்க வேண்டியிருந்தது. அங்கிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருந்த சிறு மருத்துவமனைகளில் இரவு முழுக்க எம்.ஓ. எனப்படும் மருத்துவ அதிகாரிகள் ஒருவரோ இருவரோ எல்லாவற்றையும் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கை போதாததால் வந்த நெருக்கடி இல்லை இது. ஆட்களை எங்கே நிறுத்துவது என்று யோசிக்காததால் வந்தது.

மாவட்டத்தில் கற்க அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. தோட்டப்புறத்திலிருந்து ஒரு கேஸ் சொல்கிறேன். வட சிலாங்கூரில் மட்டுமல்ல, மருந்தடிக்கும் வேலை நடந்த எந்தத் தோட்டத்துக்கும் பொருந்தும். பாராகுவாட் களைக்கொல்லியை ஒருவர் குடித்துவிட்டு வருகிறார். அதில் நீலச் சாயமும் வாந்தியைத் தூண்டும் பொருளும் கலந்திருப்பார்கள் என்பதால் சட்டை நீலமாகக் கறை படிந்திருக்கும். மூச்சு சற்று வேகமாக இருக்கிறது. எந்த இளம் டாக்டரின் கையும் பழக்கத்தில் ஆக்ஸிஜன் முகமூடியை நோக்கித்தான் போகும். அங்கேதான் தப்பு. இந்த நஞ்சு நுரையீரலில் போய்ச் சேர்ந்து, அங்குள்ள ஆக்ஸிஜனையே ஆயுதமாக்கித் திசுக்களை எரிக்கிறது. இரத்தத்தில் ஆக்ஸிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்தாலொழிய முகமூடி போடக் கூடாது. சிறுநீரை எடுத்துக் காரமாக்கி, சோடியம் டைதயோனைட் பொடியைப் போட்டால் நீலமாக மாறும். நிறம் அடர்ந்தால் பிழைப்பது அரிது. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு சோதனைக் குழாயும், இதைச் செய்யத் தெரிந்த ஒருவரும் போதும். 

அதைவிடக் கடினமான பாடம் மறுநாள் காத்திருக்கிறது. நோயாளி எழுந்து உட்கார்ந்து பேசுவார். தேத்தண்ணி கேட்பார். “டாக்டரம்மா, அவருக்கு நல்லாயிடுச்சி, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறோம்” என்பாள் மனைவி. வாயும் நாக்கும் புண்ணாகி, சிறுநீரகம் தளர்ந்து, சில நாளில் நுரையீரல் நாராகும் என்பதை அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது, எந்த மொழியில் சொல்வது? எந்தப் பாடநூலும் இதைக் கற்றுத்தராது. பாராகுவாட்டை மலேசியா 2002இல் தடைசெய்வதாக அறிவித்து, 2006இல் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுதாகத் தடை செய்தது. மருந்தடித்த பெண்களின் நகமும் தோலும் கண்ணும் பட்ட பாட்டை 2002இல் தெனாகனித்தா அமைப்பு அறிக்கையாகவே வெளியிட்டது. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் முதலில் போய் நின்றது தோட்டத்துக் கிளினிக்கில், டிரெசர் முன்னால்.

டிரெசரைப் பற்றி ஒரு சொல். நம் தோட்டத்து மருத்துவ வரலாற்றில் டாக்டரை விட அதிகம் கண்ணில் பட்டவர் அவர்தான். பிரிட்டிஷ் காலத் தொழிலாளர் சட்டங்கள் தோட்ட முதலாளிமீது சிகிச்சைப் பொறுப்பைச் சுமத்தியதால், பல தோட்டங்கள் சேர்ந்து ஒரு மருத்துவமனை வைத்துக்கொண்டன. வெள்ளைக்கார டாக்டர் எப்போதாவது வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார். காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பதும், வெட்டுக்காயத்துக்குத் தையல் போடுவதும், பெரட்டுக்கு வராதவர் உண்மையில் நோயாளியா என்று கிராணிக்குச் சொல்வதும் டிரெசரின் வேலை. 1965இல்தான் எஸ்டேட் மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் வந்து, அவர்கள் படிப்புக்கும் தேர்வுக்கும் ஒரு வரையறை கிடைத்தது. அவர்களில் எரிந்து விழுபவர்களும் இருந்தார்கள், தெய்வமாக மதிக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். எப்படிப்பட்டவராக இருந்தாலும் ஒன்று உறுதி: அவர் லயத்து மக்களின் வீட்டுப் பெயர்வரை அறிந்தவர், இருபது வருடம் அதே இடத்தில் இருந்தவர். தோட்டங்கள் கைமாறி, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது டிரெசர் போனார். அவர் இடத்துக்கு அதே அளவு நெருக்கமான யாரும் வரவில்லை.

சுங்கை சோவே இதற்குச் சாட்சி. தோட்டத் தமிழ்ப்பள்ளி பெயரில் ‘லாடாங்’ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் பெரோடுவா கார் தொழிற்சாலை. பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். நோயும் மாறிவிட்டது. மலேரியாவும் கொக்கிப்புழுவும் இருந்த இடத்தில் இனிப்பு நீர் வந்து உட்கார்ந்துகொண்டது. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்றுக்கு ஒருவர். கால்விரல் கறுத்துப் போன பிறகு செலாயாங்கில் அறுத்தெடுப்பதை ஹவுஸ்மேன் எலும்புப் பிரிவில் நன்றாகவே கற்றுக்கொள்கிறார். அந்த விரல் மூன்று ஆண்டுக்கு முன் மரத்துப் போனதை ஊர்க் கிளினிக்கில் செருப்பைக் கழற்றச் சொல்லிக் கண்டுபிடிப்பதைக் கற்க அவர் வேறிடம் போக வேண்டும்.

இனி அந்தப் பள்ளத்தாக்கு. சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு 1930இல் திறக்கப்பட்டது. நோயாளிகளைச் சிறைபோன்ற காப்பகத்தில் அடைப்பதைப் பார்த்து மனம் வெறுத்த டாக்டர் டிராவர்ஸ் முன்வைத்த யோசனை அது. மலை சூழ்ந்த நிலத்தில் சிறு சிறு வீடுகள், தோட்டம், கோயில், மசூதி, தேவாலயம், பள்ளிக்கூடம், சந்தை. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் இத்தகைய குடியிருப்புகளில் இது மிகப் பெரியவற்றுள் ஒன்று. உச்சக் காலத்தில் 2,000 பேருக்கு மேல் இருந்தார்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒதுக்கும் எண்ணமும் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. குடும்பத்திலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள், பிறந்த குழந்தையைக் கைவிட வேண்டியிருந்தவர்கள் அந்த அழகான வீடுகளில்தான் வாழ்ந்தார்கள்.

ஆனால் அங்கே ஆராய்ச்சிப் பிரிவு ஒன்றை வைத்தார்கள். டாக்டர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள். விளைவு, 1964இல் ஆராய்ச்சியாளர்கள் பெட்டிட், ரீஸ் இருவரும் வெளியிட்ட கட்டுரை. அதுவரை தொழுநோய்க்குக் கைகண்ட மருந்து டாப்சோன். சில நோயாளிகள் குணமாகி, மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மீண்டும் நோயில் விழுந்தார்கள். மருந்தைத் தவறவிட்டிருப்பார்கள் என்று டாக்டர்கள் நினைப்பது வழக்கம். சுங்கை பூலோவில் நோயாளியின் சரித்திரம் முழுவதும் கையில் இருந்தது. யார் எந்த ஆண்டு எவ்வளவு சாப்பிட்டார் என்று பார்க்க முடிந்தது. அவர்களிடமிருந்து எடுத்த கிருமியை லண்டனில் எலியின் பாதத்தில் வளர்த்து, டாப்சோன் கொடுத்துப் பார்த்தார்கள். கிருமி சாகவில்லை. டாப்சோனை எதிர்த்து நிற்கும் தொழுநோய்க் கிருமி இருக்கிறது என்பது முதன்முறையாக ஐயமற நிரூபணமானது இப்படித்தான். க்ளோபசிமைனும் ரிபாம்பிசினும் அதே குடியிருப்பு நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டன. 1982இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையில் இருப்பவை இந்த மூன்று மருந்துகள்தாம். 

கட்டடத்தாலோ காற்றாலோ வந்த பெருமை இல்லை அது. ஒரே நோயாளியை நீண்ட காலம் பார்க்கும் வாய்ப்பு, பார்த்ததை எழுதி வைக்கும் ஒழுக்கம், தங்கியிருக்கும் மூத்தவர், தலைநகரத்தோடும் லண்டனோடும் இருந்த தொடர்பு. இவை சேர்ந்தபோது ஓர் ஒதுக்குப்புறம் கற்கும் இடமானது. 2006இல் அதே நிலத்தின் பக்கத்தில் 620 படுக்கையோடு சுங்கை பூலோ மருத்துவமனை எழுந்தது. 2020 ஜனவரியில் நாட்டின் முதல் கோவிட் நோயாளிகள் வந்து சேர்ந்தது அங்கேதான். தொற்றுநோய் மருத்துவத்தில் இன்று இளம் டாக்டர்கள் தேடிப் போகும் இடம் அது. குடியிருப்பின் கிழக்குப் பகுதியை 2007இல் இடித்துத் தள்ளிவிட்டு மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகம் கட்டப்பட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் வந்ததும் கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தமிழர்களுக்கு வேறொரு கணக்கு நினைவுக்கு வரும். அதன் போதனா மருத்துவமனை, அல்-சுல்தான் அப்துல்லா மருத்துவமனை, புஞ்சாக் ஆலாமில் இருக்கிறது; அதாவது இதே மாவட்டத்துக்குள். ஈஜோக்கிலிருந்தும் புக்கிட் ரோத்தானிலிருந்தும் எந்த இனத்து நோயாளியும் அங்கே போய்ப் படுக்கலாம். ஆனால் மாரா பல்கலைக்கழகம் பூமிபுத்ராக்களுக்கு மட்டுமானது என்பதால், அதே ஊர்த் தமிழ்ப் பிள்ளை அங்கே நிபுணத்துவப் படிப்புக்குச் சேர முடியாது. 2024 மே மாதம் இது நாட்டுச் செய்தியானது. இதய, நெஞ்சறை அறுவைக்கு அப்போது உள்நாட்டில் பட்டமேற்படிப்பு நடத்தியது அந்தப் பல்கலைக்கழகமும் தேசிய இதயக் கழகமும் சேர்ந்துதான். ஆள் பற்றாக்குறை தீரும்வரை பூமிபுத்ரா அல்லாதவர்களையும் அந்த ஒரு படிப்பில் சேர்க்கலாமே என்று ஒரு யோசனை எழுந்தது. மாணவர்கள் கறுப்பு உடை அணிந்து எதிர்த்தார்கள். கதவு திறக்கவில்லை. எடின்பரோ அறுவை மருத்துவக் கழகம் வழியாகப் பயின்று வந்த இதய அறுவை மருத்துவர்களை நிபுணர் பதிவேட்டில் ஏற்காமல் இழுத்தடித்த சிக்கலைத் தீர்க்க, அதே ஆண்டு ஜூலையில் மருத்துவச் சட்டத் திருத்தம் நாடாளுமன்ற மக்களவையில் நிறைவேறியது. வெளிநாட்டுக் கழகம் வழியாகப் படிக்கும் இணைப் பாதைக்கு அதனால் உயிர் வந்தது. தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தப் பாதை மிச்சம். தேர்வுக் கட்டணத்தைப் பவுண்டில் கட்ட வேண்டும் என்பது வேறு விஷயம்.

படியேறும் வாய்ப்பே இல்லாமல் போன காலமும் ஒன்று இருந்தது. 2016 டிசம்பர் முதல் புதிய டாக்டர்கள் ஒப்பந்த அடிப்படையில்தான் எடுக்கப்பட்டார்கள். நிரந்தர வேலை இல்லாதவருக்கு அரசாங்கச் சம்பளத்தோடு மாஸ்டர்ஸ் படிக்கும் உதவி அப்போது கிடையாது. 2021 ஜூலை 26இல், கோவிட் உச்சத்தில், சுங்கை பூலோ உட்பட நாடெங்கும் மருத்துவமனை வாசல்களில் ஒப்பந்த டாக்டர்கள் கறுப்பு உடையில் வெளிநடப்புச் செய்தார்கள். மூன்று நாளுக்கு முன் அன்றைய பிரதமர் முஹிடின் ஒப்பந்த நீட்டிப்பு அறிவித்தும் அவர்கள் அடங்கவில்லை. இந்தத் தலைமுறையைப் பார்த்து “ஏன் கோலகுபு பாருவுக்குப் போகத் தயங்குகிறாய்” என்று கேட்பது எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது. அங்கே கழித்த மாதங்கள் நிபுணத்துவப் படிப்பில் கணக்கில் வருமா என்பதே அவர்களின் முதல் கேள்வி. நியாயமான கேள்வி.

இதற்கு விடை தேடிய நாடுகள் உண்டு. ஜப்பான் 1972இலேயே ஜிச்சி மருத்துவக் கல்லூரியைத் திறந்து, மாநிலங்கள் அனுப்பும் மாணவர்களைப் படிக்க வைத்துச் சொந்த மாநிலத்து ஒதுக்குப்புறங்களுக்கே திருப்பி அனுப்புகிறது. வட குவீன்ஸ்லாந்தில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகம் 2000இல் வெப்பமண்டலக் கிராம மருத்துவத்தையே மையமாக வைத்துத் தொடங்கியது. ஊர்ப்புறத்துப் பிள்ளையைச் சேர், ஊர்ப்புறத்தில் பயிற்று, ஊர்ப்புறத்தில் இருந்தவருக்கு மேற்படிப்பு கொடு என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2010 பரிந்துரையும் சொல்கிறது.

நமக்கு நெருங்கிய உதாரணம் தமிழ்நாடு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்க்கும் அரசு டாக்டர்களுக்குப் பட்டமேற்படிப்பில் 50 விழுக்காட்டு இடம் அங்கே நெடுநாள் வழக்கம். நீட் நுழைவுத் தேர்வு வந்தபோது அது ஆட்டம் கண்டது. 2020 ஆகஸ்ட் 31இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டைச் செய்ய மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. கிராமத்தில் உட்கார்ந்தால் மேலே போக வழி உண்டு என்பதால் அங்கே பல நிலையங்களில் டாக்டர் நாற்காலி காலியாக இருப்பதில்லை. இன்னொன்று, 2020இல் இந்தியா அறிவித்த மாவட்ட உறைவிடப் பயிற்சி: எந்த எம்.டி., எம்.எஸ். மாணவரும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை செய்தே ஆக வேண்டும்; அது படிப்பின் பகுதி. கற்பிக்க ஆளில்லாமல் வெறும் வேலையாளாக நிற்கிறோம் என்று அதில் போனவர்கள் புலம்புவதும் உண்டு. அந்தப் புலம்பலை அலட்சியம் செய்தால் நாமும் அதே குழியில் விழுவோம்.

மலேசியாவில் இதற்கு அருகில் வருவது கிளஸ்டர் மருத்துவமனைத் திட்டம். 2014இல் தெமர்லோ, மலாக்கா, தாவாவ் ஆகிய மூன்று இடங்களில் சோதனையாகத் தொடங்கியது. பெரிய மருத்துவமனையும் சுற்றியுள்ள சிறியவையும் ஒரே குடும்பம். படுக்கை, அறுவைக் கூடம், நிபுணர் எல்லாம் பொது. தெமர்லோ நிபுணர் ஜெராந்துட்டுக்கும் ஜெங்காவுக்கும் போய் அறுவை செய்வார். சிறு மருத்துவமனையின் கூடம் தூசு படியாது, பெரியதன் வரிசை நீளாது. நோயாளிக்காகப் போட்ட திட்டம் இது. பயிற்சிக்காக யாரும் போடவில்லை. ஆனால் நிபுணர் போகும் காரில் இரண்டு ஹவுஸ்மேனுக்கு இடம் இருக்கும். நிபுணர் இல்லாத இடம் என்ற தடை அந்த நாளில் அங்கே இல்லை.

வட சிலாங்கூரில் செய்யக்கூடியதும் இவ்வளவுதான் என்று நினைக்கிறேன். புதுக் கட்டடம் கேட்டால் இன்னொரு பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும். செலாயாங், சுங்கை பூலோ, கிள்ளான் மருத்துவமனைகளின் ஆறு பிரிவுச் சுற்றில் ஒரு பிரிவின் ஒரு மாதத்தை மட்டும் தஞ்சோங் காராங், கோலகுபு பாரு, அவற்றைச் சுற்றியுள்ள அரசு கிளினிக்குகள் என்று பிரித்துவிட்டால் போதும். கிளினிக்குகளில் குடும்ப மருத்துவ நிபுணர்கள் இருக்கிறார்கள். அவர்களையே பயிற்றுநர்களாகப் பதிவு செய்யலாம். லாக்புக்கில் இரண்டு பக்கம் கூட்ட வேண்டும்: எலிக்காய்ச்சல், நஞ்சு, பாம்புக்கடி, காலுணர்ச்சிச் சோதனை. வெளியே செலவழித்த மாதங்கள் மாஸ்டர்ஸ் நுழைவுப் புள்ளிகளில் ஏற வேண்டும். தங்க ஒரு வீடு வேண்டும். பழைய அரசாங்கக் குடியிருப்புகள் பூட்டிக் கிடக்கும் ஊர்கள் இவை. செலவு என்று பார்த்தால் நிபுணரின் கார் எண்ணெய்க் காசும், அவர் வெளியே இருக்கும் நாளில் பெரிய மருத்துவமனை ரவுண்டைப் பார்க்க இன்னொருவரும்.

அந்த இன்னொருவர்தான் முடிச்சு. செலாயாங்கிலும் சுங்கை பூலோவிலும் நிபுணர்கள் தனியாருக்கும் சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டிருக்கும்போது, எஞ்சியவரை வாரம் ஒரு நாள் மலையடிவாரத்துக்கு அனுப்பத் துறைத் தலைவர் ஒப்புவாரா? ஒப்பினால் அன்று யாருடைய அறுவை தள்ளிப்போகும்? தெமர்லோவில் இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள்: எளிய அறுவைகளைப் பெரிய மருத்துவமனை வரிசையிலிருந்து எடுத்துச் சிறிய மருத்துவமனைக்கே மாற்றிவிட்டால், நிபுணர் வெளியே போன நாள் வீண் நாளாவதில்லை. சுங்கை சோவிலிருந்து குடலிறக்க அறுவைக்குத் தேதி வாங்கப் போகும் ஒருவருக்குச் செலாயாங்கில் நெடுநாள் கழித்து ஒரு தேதியும், கோலகுபு பாருவில் அதைவிட முன்னதாக ஒரு தேதியும் கொடுத்து எது வேண்டும் என்று கேட்டுப் பார்க்கலாம்.